மாடக்கண்ணு அளந்த தண்ணீர்

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆலையில் முப்பத்தோரு வருசம் மருந்து கலக்கியவர் மாடக்கண்ணு. மருந்து என்றால் குச்சியின் தலையில் ஏறுகிற மருந்து. அதில் ஒரு சாமான் கொஞ்சம் கூடினால் உரசியதும் தெறித்து சட்டையில் விழும். கொஞ்சம் குறைந்தால் பெட்டி தேயத் தேய உரசினாலும் பற்றாது. அவர் கலந்த மருந்து ஒருநாள்கூடக் கெட்டதில்லை. இதை அவரே சொல்லுவார். நாம் கேட்காவிட்டாலும் சொல்லுவார். ஓய்வு பெற்று நாலு வருசம் ஆன பிறகும், டீக்கடையில் சீனி போடுகிறவரிடம் "அளந்து போடும்" என்று சொல்லாமல் அவருக்கு ஒரு டீ இறங்காது.

அவர் மனைவி முத்துத்தாய் அதே ஆலையில் கட்டை அடுக்கியவள். வரிவரியாகப் பள்ளம் வெட்டிய மரச் சட்டங்களில், மருந்து ஏறுவதற்கு முன்னால் குச்சிகளைப் பரப்பி, ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றுகிற வேலை. ஆலையில் அவளுக்கு ஈடாக அடுக்க ஆள் கிடையாது. வாய் ஒரு பக்கம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும், விரல்கள் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். மாடக்கண்ணு அந்த விரல்களைப் பார்த்துத்தான் பெண் கேட்டார் என்று ஆலையில் ஒரு பேச்சு உண்டு. அவர் அதை இதுவரை மறுத்ததில்லை.

இந்த வருசம் மாசியில் அந்த விரல்கள் மடங்கிவிட்டன. காலையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தவள் டம்ளரோடு சரிந்தாள். திருநெல்வேலியில் இருபத்து மூன்று நாள் வைத்தியம். பேச்சு திரும்பிவிட்டது. வலது கால் கம்பு ஊன்றி நடக்கிற அளவுக்கு வந்துவிட்டது. வலது கை மட்டும் வரவில்லை. மடியில் வைத்தால் வைத்த இடத்தில் கிடந்தது.

வாரத்துக்கு நாலு நாள் சாயங்காலம் ஸ்கூட்டரில் வந்து பயிற்சி கொடுக்க பானு என்றொரு பெண்ணை ஏற்பாடு செய்திருந்தார்கள். சின்ன வயசு, பொறுமைசாலி. வாசலில் வைத்து மாடக்கண்ணுவிடம் அவள் ஒளிக்காமல் சொன்னாள்.

"அண்ணாச்சி, முதல் ஆறு மாசம்தான் முக்கியம். அதுக்குள்ள விரலுக்கு வேலை கொடுத்துட்டா ஓரளவுக்காவது திரும்பிரும். விட்டுட்டா அப்புறம் நாம தலைகீழா நின்னாலும் கஷ்டம். ஆனா அம்மா ஒத்துழைக்கவே மாட்டேங்குதாங்க."

ஒத்துழைக்கவில்லைதான். பானு ஒரு பையில் பட்டன், பாசிமணி, துணிக் கிளிப் என்று கொண்டுவருவாள். வலது கையால் ஒன்றொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போடவேண்டும். முத்துத்தாய் முதல் நாள் ஒரு பட்டனை எடுக்கப் பார்த்தாள். அது வழுக்கியது. இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு இடது கையால் கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள்.

"சட்டம் சட்டமா அடுக்கின கையி இது. இதைப் போயி பட்டன் பெறக்கச் சொல்லுதியே தாயி. சின்னப்பிள்ளை வெளாட்டா?"

அதற்குப் பிறகு அவள் தொடவே இல்லை. பானுவே அவள் கையைப் பிடித்து நீட்டி மடக்கிவிட்டுப் போவாள். முத்துத்தாய் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பாள்.

ஜன்னலுக்கு வெளியே அவளுடைய செடிகள் இருந்தன. மாடக்கண்ணுவுக்கு வினை பிடித்ததும் அங்கேதான்.

மாடியில் இருபது தொட்டிக்கு மேல் வைத்து வளர்த்தவள் அவள். அரிசி களைந்த தண்ணீரும், மழைக்கு ட்ரம்மில் பிடித்த தண்ணீரும் ஊற்றியே ஒரு பூங்காவனம் ஆக்கியிருந்தாள். அவர்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பாதிக்கு மேல் காய்ந்துவிட்டது. மிஞ்சியது பதினோரு தொட்டி. இட்லிப்பூ நாலு, ரோஜா ஐந்து, கறிவேப்பிலை இரண்டு. மாடக்கண்ணு அவற்றைக் கீழே இறக்கி, அவள் கட்டிலில் இருந்து பார்க்கிறமாதிரி முன்வாசலில் வரிசையாக வைத்தார். பழைய மண் செங்கல்லாக இறுகிக் கிடந்தது. கோயம்புத்தூரில் இருக்கிற மகள் சுதாராணியிடம் சொல்லி, மக்கின எருவும் தேங்காய் நார்த்தூளும் வேப்பம்புண்ணாக்கும் கலந்த இயற்கை மண்கலவை மூட்டை மூட்டையாக வரவழைத்தார். சித்திரை வெயிலில் நான்கு நாள் குனிந்து நிமிர்ந்து பதினோரு செடிகளையும் புது மண்ணுக்கு மாற்றினார். செடி தளிர்த்தால் அவளும் எழுந்து உட்காருவாள் என்று ஒரு நம்பிக்கை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

செடி தளிர்க்கவில்லை. வைகாசியில் இட்லிப்பூவின் இலைகள் வெளிறின. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்ற இடமெல்லாம் மஞ்சள். பிறகு கறிவேப்பிலை. பிறகு ரோஜா.

சுதாராணி போனில் படம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "யப்பா, நம்ம வீட்டு போர் தண்ணிதான் காரணமா இருக்கும். அதுல சுண்ணாம்புச் சத்து ஜாஸ்தி. அந்தத் தண்ணியை ஊத்திக்கிட்டே இருந்தா மண்ணுல சத்து இருந்தும் வேரு எடுத்துக்கிட முடியாது. பி.ஹெச். பாக்குத தாள் அனுப்புதேன். ஏழுக்கு மேல போனா சுண்ணாம்புக் குணம், கீழ வந்தா புளிப்பு. ஆறரைக்குப் பக்கத்துல கொண்டாந்துட்டு ஊத்துங்க."

அளக்கிற சமாச்சாரம் என்றதும் மாடக்கண்ணுவுக்கு பத்து வயசு குறைந்துவிட்டது. தாள் வந்த அன்றே போர் தண்ணீரில் நனைத்தார். தாள் பச்சை தாண்டி நீலத்துக்குப் போயிற்று. எட்டரை. நல்ல தண்ணீர்க் குழாயில் வருவதை ஊற்றலாம்தான். ஆனால் அது எப்போது வரும் என்று குழாய்க்கே தெரியாது, வந்ததைக் குடிக்க வைப்பதா செடிக்கு ஊற்றுவதா? ஆகவே வினிகர். ஒரு பக்கெட் தண்ணீருக்கு ஒரு மூடி, இரண்டு மூடி என்று விட்டுக் கலக்கிக் கலக்கிப் பார்த்து, பத்து மூடியில் ஆறரை என்று கண்டுபிடித்தார். கலந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் திரும்பிவருவதற்குள் எண் மேலே ஏறிவிடுகிறது என்பதையும் கண்டுபிடித்தார். அதனால் கலந்த கையோடு ஊற்றிவிடுவார். ஒரு நோட்டுப் போட்டு தேதிவாரியாக எழுதினார்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு வீட்டில் அவர் அளக்காத பொருள் இல்லை. மோரை அளந்தார். ரசத்தை அளந்தார். தன் கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்தைக்கூட அளந்தார். முத்துத்தாய் கட்டிலில் இருந்து பார்த்துவிட்டு, "அடுத்து என்னையும் நனைச்சுப் பாருங்க" என்றாள். பல வாரத்துக்குப் பிறகு அவள் வாயில் வந்த ஒரே கேலி. அவர் அதைக் கேட்டு அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டே வாசலுக்கு ஓடினார்.

ஆனால் இலை மஞ்சளாகவே இருந்தது. மூன்று வாரம் ஆறரையில் ஊற்றியும் மஞ்சள்தான். ஒரு ரோஜா முழுசாகக் காய்ந்து குச்சியாக நின்றது. மாடக்கண்ணு அதை அப்புறப்படுத்த எடுத்தபோது ஜன்னல் வழியாக அவள் குரல் வந்தது.

"விடுங்க. எனக்கு முந்தி அது போவட்டும்."

அவர் தொட்டியை அங்கேயே வைத்தார். அவருக்குத் திடீரென்று பயமாகிவிட்டது. இவள் இத்தனை நாளாக ஜன்னலில் என்ன பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. சந்தோசப்படட்டும் என்று தான் வரிசையாக வைத்ததை, அவள் தன் நாளை எண்ணிப் பார்க்க வைத்துக்கொண்டிருக்கிறாள். ஆனி பிறந்துவிட்டது. பானு சொன்ன ஆறு மாசத்தில் இரண்டுகூட மிச்சமில்லை.

அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. முத்துத்தாய் கண்ணயர்ந்திருந்தாள். வாசலில் வந்து உட்கார்ந்தார். காலையில் ஊற்றிய தண்ணீர் தொட்டிகளின் அடியில் வைத்த தட்டுகளில் வடிந்து நின்றது. கையில் தாள் இருந்தது. மோரையும் ரசத்தையும் அளந்த மனுசன் இந்தத் தட்டுத் தண்ணீரை மட்டும் இதுவரை அளந்ததில்லை. நனைத்தார்.

நீலம். எட்டேகால்.

இன்னொரு தட்டு. அதுவும் அதே. பதினோரு தட்டிலும் அதே. மேலே ஆறரையாக ஊற்றியது கீழே எட்டேகாலாக வருகிறது. உள்ளே போகிற வழியில் என்னவோ அதைச் சுண்ணாம்பாக்கி அனுப்புகிறது. எருவா? நார்த்தூளா? பிரிக்காமல் கிடந்த மூட்டையில் இருந்து ஒரு பிடி எடுத்து, டம்ளர் தண்ணீரில் கலக்கிப் பார்த்தார். அது ஒழுங்காக ஏழுக்குக் கீழேதான் இருந்தது.

அப்படியானால் அந்த மூட்டையில் இல்லாத, தொட்டியில் மட்டும் இருக்கிற சாமான் எது?

மாடக்கண்ணு எழுந்தார். சுவரோரத்தில் அரைச் சாக்கு இருந்தது. போய் அவிழ்த்தார். உள்ளே கொண்டைக்கடலை அளவில் வெள்ளைக் கற்கள். ஒரு கல்லை எடுத்துத் தரையில் வைத்து வினிகரைச் சொட்டினார். கல் சுர்ரென்று நுரைத்தது.

நடந்தது இதுதான். மண் மாற்றுவதற்கு முன் அவர் போனில் வீடியோ பார்த்தார். மண் இறுகாமல் காற்றோட்டமாக இருக்க, அதில் ஒருவிதமான வெள்ளைக் குருணையைக் கலக்கவேண்டும் என்று அதில் ஒருவர் சொன்னார். கடையில் விற்கிற சாமான், பஞ்சுமாதிரி லேசானது. மாடக்கண்ணு பார்த்தார். வெள்ளையாக, சின்னச் சின்னதாக இருந்தது. இதைப் போய்க் கடையில் வாங்குவானேன், பசுவந்தனையில் மச்சினன் காட்டில் இதேமாதிரி சுக்கான் கல் சும்மா கொட்டிக் கிடக்கிறதே என்று நினைத்தார். பஸ் ஏறிப்போய் அரித்தெடுத்து, கழுவி, காயவைத்து, மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு கல் என்று கலக்கினார். நம்ம கரிசல்காட்டு ஆளைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது. சுட்டால் சுண்ணாம்பாகிற கல் அது. காளவாசலில் அதைத்தான் போட்டுச் சுடுகிறார்கள். இது அவருக்குத் தெரியாததில்லை. அளவில் கண்ணாக இருந்தவர், அளக்கிற பொருள் எது என்று யோசிக்கவில்லை.

மூன்று வாரமாக அவர் மேலே இருந்து புளிப்பை ஊற்ற ஊற்ற, கல் கீழே இருந்து சுண்ணாம்பை விட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

செடியைக் கொன்றது போர் தண்ணீர் இல்லை. தான்தான்.

சாக்கை அப்படியே கட்டிக் கொல்லையில் எறிந்துவிட்டு, "தண்ணி சரியில்ல" என்று போர் தண்ணீரைக் குறை சொல்லிவிட்டிருக்கலாம். அவளுக்குத் தெரியவே போவதில்லை. முப்பத்தோரு வருசப் பெருமையும் பத்திரமாக இருந்திருக்கும். உள்ளே அவள் இருமுகிற சத்தம் கேட்டது. அவளுக்கு முன்னால் போவதற்கு அந்தச் செடிகளை விடக்கூடாது என்பது ஒன்றுதான் அவருக்கு அப்போது நினைப்பாக இருந்தது. உள்ளே போனார்.

"ஏட்டி, முழிச்சிருக்கியா? ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

அவர் வாயில் இருந்து அந்தச் சொல் வந்ததே அவளுக்கு ஆச்சரியம். கம்பை ஊன்றி எழுந்து வாசலுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் ஒரு சாக்கை விரித்து, ஓர் இட்லிப்பூத் தொட்டியைக் கவிழ்த்தார். செடியை ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தார். கறுப்பு மண்ணில் வெள்ளை வெள்ளையாகக் கல் தெரிந்தது.

முத்துத்தாய் குனிந்து பார்த்தாள்.

"எங்கன எடுத்திய இதை?"

"ஒன் தம்பி காட்டுல."

"சுக்கானையா போட்டிய?" அவள் குரல் ஏறியது. "எங்க காட்டுல இது கெடக்க எடத்துல சோளமே வெளிறிப்போய் நிக்குமே. எங்கய்யா வருசாவருசம் இதைப் பெறக்கி வரப்புல போட்டுப் போட்டே முதுகு வளைஞ்சாவ. நீங்க பஸ்ஸேறிப் போயி, அதைப் பெறக்கிக் கொண்டாந்து, என் தொட்டியில போட்டிருக்கியளே! ஒரு வார்த்தை என்கிட்டக் கேட்டியளா?"

"நீ படுத்துக் கெடந்தியே..."

"வாயுமா படுத்துக் கெடந்துச்சு?"

திட்டு வாங்குகிற அந்த நேரத்தில், மாடக்கண்ணுவுக்கு உள்ளுக்குள் எங்கோ குளிர்ந்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும். நாலு மாசமாக இந்த வீட்டில் இப்படி ஒரு சத்தம் கேட்கவில்லை.

"புது மண்ணு வரவழைச்சு மாத்திருதேன்" என்றார்.

"எதுக்கு? மண்ணு என்ன பாவம் பண்ணுச்சு? நல்ல எரு. கல்லைப் பெறக்குங்க."

அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அரிசி புடைக்கிற சுளகைப் பக்கத்தில் வைத்து, கல்லைப் பொறுக்கிப் போட ஆரம்பித்தார். அவருக்கு இடது கண்ணில் புரை. மண் ஒட்டிய கல் அவர் கண்ணுக்குத் தப்பிக்கொண்டே இருந்தது.

"அந்தா, முழங்காலுக்குக் கிட்ட. அது மண்ணாங்கட்டி, அதுக்கு இங்கன. ஐயோ, ரெண்டு கெடக்கு. தெரியலையா?"

ஐந்து நிமிடம் பொறுத்தாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை.

"என்னைக் கீழ எறக்குங்க."

கைத்தாங்கலாக இறக்கிச் சாக்கின் ஓரத்தில் உட்காரவைத்தார். அவள் இடது கையால் பொறுக்கினாள். இடது கைதான், ஆனாலும் அவர் ஒன்று எடுப்பதற்குள் அவள் மூன்று எடுத்தாள். சுளகு நிறைந்து கனத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கல்லெல்லாம் திரும்ப மண்ணிலேயே கொட்டிவிடப் போகிறது என்று இடது கையால் சுளகைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை எடுக்க முடியவில்லை. கண் முன்னால் ஒரு கல் பளிச்சென்று கிடந்தது.

வலது கை மடியில் இருந்து நகர்ந்தது.

முதல் தடவை விரல் கல்லைத் தள்ளிவிட்டது. இரண்டாவது தடவையும் தள்ளிவிட்டது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலின் பக்கவாட்டையும் கிடுக்கிமாதிரி வைத்துக்கொண்டு வந்தாள். கல் ஏறியது. கை நடுங்கியபடியே சுளகுவரைக்கும் வந்தது. டக்கென்று விழுந்தது.

அவள் அதைப் பெரிதாக நினைத்ததாகவே தெரியவில்லை. அடுத்த கல்லைத் தேடிக்கொண்டிருந்தாள். "இதுக்குப் பேருதான் மருந்து கலக்குத மனுசன்" என்று அவரை முணுமுணுத்துத் திட்டிக்கொண்டே இன்னொன்றை எடுத்தாள். அதுவும் இரண்டு தரம் வழுக்கி, மூன்றாம் தரம் ஏறியது.

மாடக்கண்ணு நிமிரவில்லை. பார்த்துவிட்டால், ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அவள் கையைத் திரும்ப மடியில் வைத்துக்கொள்வாளோ என்று பயம். கண்ணில் தண்ணீர் முட்டியது. துடைத்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். அப்படியே மண்ணைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குத் தெரிந்த கல்லைக்கூட எடுக்காமல் அவள் பக்கமாக ஒதுக்கிவிட்டார்.

நாலரை மணிக்கு வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. பானு பட்டன் பையோடு கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். முத்துத்தாய் தலையைத் தூக்கவில்லை.

"இன்னைக்கு ஒன் வெளாட்டுக்கெல்லாம் நேரமில்ல தாயி. இவிய பாத்து வச்சிருக்க வேலையப் பாரு. காஞ்ச ரோசாவைத் தள்ளினாலும் இன்னும் ஒம்பது தொட்டி கெடக்கு."

பானு என்னவோ சொல்ல வாயைத் திறந்தவள், சாக்கின்மேல் ஊர்ந்துகொண்டிருந்த வலது கையைப் பார்த்தாள். மாடக்கண்ணு வாயில் விரலை வைத்து, பேசாதே என்று கண்ணைக் காட்டினார். பானு பையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, படியில் உட்கார்ந்தாள்.

"நானும் பெறக்கட்டுமாம்மா?"

"வேண்டாம். ஒனக்குக் கல்லு எது கட்டி எதுன்னு தெரியாது."

சாக்கில் கல் குறைந்துகொண்டே வந்தது. மாடக்கண்ணு அதைப் பார்த்தார். முதல் தொட்டி முடிந்து அவள் எழுந்துவிடுவாளோ என்று தோன்றியதும், அவசர அவசரமாகப் போய் அடுத்த தொட்டியை இழுத்துவந்து அவள் முன்னால் கவிழ்த்தார்.